வெளியே தொங்குவதா?

ஆங்கிலத்தில் 'ஏங்' என்றால் தொங்கு. 'அவுட்' என்றால் வெளியே. அகரமுதலியைப் புரட்டி இரண்டையும் கூட்டிப் பார்க்கும் தமிழ்ப் பிள்ளைக்கு 'ஏங் அவுட்' என்பது வெளியே தொங்குதல் என்றே படும். நண்பரோடு மாலைப் பொழுதில் வெளியே தொங்குவதா என்று அப்பிள்ளை மருண்டு நிற்க, வகுப்பே சிரிக்கிறது.

சிரிப்பவர் ஒன்றை அறிதல் நன்று. சார்லசு திக்கன்சு 1836–37-இல் எழுதிய பிக்விக்குப் புதினத்தில், மருத்துவம் பயிலும் இளைஞன் ஒருவன் முதியவர் பிக்விக்கிடம் அவர் தங்குமிடத்தை இச்சொல்லாலேயே வினவுகிறான். அவரோ, தாம் இன்ன விடுதியில் தொங்கவிடப்பட்டிருப்பதாக விடையிறுக்கிறார். ஆங்கிலேயர்க்கே அன்று நகைப்புக்கு இடந்தந்த கொச்சைச் சொல் அது! தங்குதல் என்று அந்நாளில் நின்ற பொருள், பிற்காலத்தில் நண்பரோடு கூடி வேலையேதுமின்றிப் பொழுது கழித்தல் என விரிந்தது.

ஆகவே பிழை பிள்ளையினதன்று, கற்பித்த முறையினது. காட்டுதலும் கொடுத்தலும் சேர்ந்த 'காட்டிக்கொடு' இரண்டகஞ் செய்தலைக் குறிக்கவில்லையா? 'விட்டுக்கொடு' என்பதைப் பிரித்துப் பார்த்து எந்தத் தமிழ்ப் பிள்ளையாவது மயங்கியதுண்டா? ஆங்கிலத்திலும் வினையோடு ஒரு சிறுசொல் ஒட்டிப் புதுப்பொருள் பிறக்கும் என்று தமிழில் இரண்டு வரி சொன்னாற் போதும். 'ஏங் ஆன்' என்றால் பொறுத்திரு. 'ஏங் அப்' என்றால் தொலைபேசிப் பேச்சை முடி. சுவர்த் தொலைபேசியின் கேட்குங் குழலைக் கொக்கியில் மாட்டிய பழக்கத்தின் எச்சம் அது. 'ஏங் அவுட்' நண்பரிடையே பேசத் தகும்; வேலை வேண்டி எழுதும் மடலில் தகாது. இவ்வளவுதான் பாடம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே புகட்டுவோம் என்று தமிழை வாயிலில் நிறுத்திவைக்கும் பள்ளிகளில் இவ்விரண்டு வரிக்கு இடமில்லை. அதனாலேயே அறிவுள்ள பிள்ளை அறிவிலிபோல் தலைகுனிகிறது.

கற்றபின் நேர்வது இதனினுங் கொடிது. "இன்றைக்கு ஏங் அவுட் பண்ணலாமா?" என்கிறான் கல்லூரி இளைஞன். ஆங்கிலேயன் இப்படியா செய்தான்? இலத்தீன் வழிவந்த 'சோசியலைசு' என்னும் சொல் அவன் கையில் இருந்தது. ஆயினும் தெருவிற் பேசுவதற்கு அவன் எடுத்தவை, தன் பாட்டன் பூட்டன் வழங்கிய இரண்டு எளிய சொற்கள். ஆங்கிலத்தை வியப்போர் அவனிடம் கற்கவேண்டியது அந்த வினையையா, அந்த வழக்கத்தையா?

வள்ளுவர் சுற்றந்தழாலில் ஆண்ட 'அளவளாவு' இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. இளைஞர் வாய்க்கு அது சற்றே ஏட்டு மணம் வீசலாம். அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. ஊர் சுற்றுதலும் திண்ணைப் பேச்சும் எந்தச் சிற்றூரிலும் வழங்குவன. "மாலையில் கூடுவோமா?" என்று கேட்டால் எந்த நண்பன்தான் வரமாட்டேன் என்பான்?