விலங்கு காப்போர் பதிவுப் பக்கம் தமிழில் அமைக!

சென்ற கோடையில் என் பழைய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து தம் கைப்பேசியை என்முன் நீட்டினார். "ஐயா, மூன்று நாளாய் முயல்கின்றேன், இதை நிரப்ப என்னால் இயலவில்லை" என்றார். வெளியூர் செல்வோரின் நாய்களையும் பூனைகளையும் தம் வீட்டில் வைத்துக் காப்பதும், காலையும் மாலையும் நாய்களை உலாவ அழைத்துச் செல்வதும் அவர் தொழில். விலங்கு வளர்ப்போரையும் காப்போரையும் இணைத்து வைக்கும் வலைத்தளம் ஒன்றில் பெயரைப் பதிந்துகொண்டால் வேலை மிகும் என்று எவரோ கூற, அதனுள் நுழைய முயன்றிருக்கின்றார். அவர் சிப்பிப்பாறை வட்டாரத்தில் நாய்களோடே வளர்ந்தவர். தட்டில் உணவு எஞ்சியிருப்பதைக் கண்டே நாயின் நலக்குறைவை உய்த்துணர வல்லவர். அவரைத் தடுத்தது தொழிலறியாமை அன்று. அப்பக்கத்தின் முதல் வினாவே தடுத்துவிட்டது.

அவ்வினா யாது? 'முதற்பெயர்' என்றொரு பெட்டி, 'கடைப்பெயர்' என்று மற்றொரு பெட்டி, இரண்டும் ஆங்கிலத்தில். கடைப்பெயர்ப் பெட்டியை வெறுமனே விட்டார். சிவப்பெழுத்தில் 'தவறு' என்றது. தந்தையின் முன்னெழுத்தை இட்டார். ஓரெழுத்துப் போதாது என்றது. தந்தை பெயரை முழுமையாக இட்டார், பக்கம் ஏற்றுக்கொண்டது. ஆனால், வங்கிக் கணக்கிலுள்ள பெயரோடு அது பொருந்தவில்லை என்று பின்னர்த் தள்ளிவிட்டது.

இதனைச் சிறு செய்தி என்று எண்ணுவார் எண்ணுக! செங்கற்பட்டில் 1929-இல் கூடிய தன்மான இயக்க மாநாடு குலப்பட்டங்களைப் பெயரினின்று களையுமாறு முடிவு செய்தது. அதன்பின் ஊரூராய்த் தமிழர் தம் பெயர்க்கடையிலிருந்த பட்டங்களை உதறினர். முன்னெழுத்தும் தம் பெயருமே போதும் என்றனர். அம்முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று தமிழ்நாட்டரசு 2021-இல் ஆணையிட்டது. இவ்வாறு நாம் விரும்பித் துறந்த வாலை, நாய் காக்கும் வேலைக்குப் பதிய வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி கேட்கின்றது. 'இல்லை' என்னும் விடையை ஏற்க மறுக்கின்றது. இதை வடிவமைத்தவர் தீயவர் அல்லர். அவர் பிறர் வடிவத்தைப் பார்த்தெழுதியவர்.

அவ்வடிவம் எங்கிருந்து வந்தது? இத்தகைய தொழிலுக்குப் பேர்பெற்ற 'ரோவர்' என்னும் நிறுவனம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2011-இல் தொடங்கப்பெற்றது. குடிப்பெயர் உடைய மக்கள் வாழும் நாடு அது. ஆங்கே அப்பெட்டி பொருந்தும். முன்பின் அறியாதவர் ஒருவர் நம் வீட்டுச் சாவியைப் பெற்று உள்ளே வருகின்றார் ஆகலின், அவர்தம் பின்புலத்தை ஆராய்தலும் ஆங்கு வழக்கம். அவ்வாராய்ச்சி இங்கும் வேண்டுவதே. ஆனால், பொருந்துவதைக் கொள்ளுதல் வேறு. உறையோடு தூக்கி வந்து நடுதல் வேறு.

மேலும் படித்துச் சென்றேன். 'எவ்வகை நாய்களைக் காத்துப் பழகியுள்ளீர்?' என்றொரு வினா. பட்டியலில் அயல்நாட்டு நாயினங்கள் அனைத்தும் பெயர்பெற்று நின்றன. இராசபாளையம் இல்லை; கோம்பை இல்லை; கன்னி இல்லை; சிப்பிப்பாறை இல்லை. தம் ஊர்ப்பெயரையே தாங்கிய நாயைத் தேடிய என் மாணவர் இறுதியில் 'பிற' என்பதைத் தொட்டார். தமிழ்நிலத்தில் தமிழ்நாய் 'பிற' ஆயிற்று!

தமிழ்ப் பக்கமும் உண்டு என்று ஓர் ஓரத்தில் குறித்திருந்தனர். அதைத் திறந்தோம். 'பெட் சிட்டர்' என்பதைப் பொறியிடம் கொடுத்துப் பெயர்த்திருந்தனர். 'செல்லப்பிராணி உட்காருபவர்' என்றிருந்தது! தமிழ் படிப்பார் எவரும் கண்ணோட்டாமல் வெளியிட்ட தமிழ் அது. இத்தகைய தமிழைக் கண்டவர், 'இதற்கு ஆங்கிலமே மேல்' என்று திரும்புவர். பின்னர் நிறுவனத்தார், 'தமிழை எவரும் கேட்பதில்லை' என்று கணக்குக் காட்டுவர்.

'கைப்பேசி வைத்திருப்பவர்க்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியாதா?' என்று வினவுவார் உளர். பெயரும் எண்ணும் எழுதும் அளவுக்குத் தெரியும். ஆயின் இசைவுப் பகுதியோ? 'நும் விளத்தங்களை இன்னின்னார்க்குத் தருவோம். விலங்கிற்குத் தீங்கு நேரின் பொறுப்பு நும்முடையது' என்று பதினைந்து பத்தியில் எழுதி, அடியில் 'ஒப்புகின்றேன்' என்று ஒரு கட்டமிட்டுள்ளனர். என் மாணவர் படியாமலே அதைத் தொட்டிருந்தார். பொருளறியாது தந்த இசைவு இசைவாகுமா?

இதற்குச் சட்டமே விடை கூறுகின்றது. 2023-இல் இயற்றப்பெற்ற எண்மத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், இசைவு கோரும் வேண்டுகை தெளிந்த எளிய மொழியில் இருத்தல் வேண்டும் என்கின்றது. அதனை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்றும் கூறுகின்றது. அப்பட்டியலில் தமிழ் உண்டு. அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பெற்றன. அதன் கூறுகள் படிப்படியாய் நடப்புக்கு வருமாறு காலம் வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே, தமிழில் கேட்பது இரவலன்று, உரிமை.

அங்ஙனமாயின் அப்பதிவுப் பக்கம் எவ்வாறு அமைதல் வேண்டும்? குறை கூறி விடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆகலின் வரிசை கூறுவேன்.

முதற்கண், மொழியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு, அதுவே வாயிற்படி. அடுத்து, பெயருக்கு ஒரே பெட்டி. வங்கிக் கணக்கிலும் சான்றிலும் உள்ளவாறு எழுதுக என்று அதன்கீழ் ஒரு வரி இருந்தால் போதும். மூன்றாவது, கைப்பேசி எண். அதற்கு வரும் ஒருமுறை எண்ணே திறவுகோல் ஆகுக. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பழகாதார் பலர்.

நான்காவது, தொழில். இதுவே நடுநாயகம். காப்பாளர், உலாத்துநர், குளிப்பாட்டி மயிர் திருத்துநர் என்று தனித்தனியே பிரித்துக் கேட்க. உலாத்துநரிடம் வீட்டின் பரப்பை வினவுதல் வீண். வீட்டில் தங்கவைத்துக் காப்பவரிடம் அதை வினவாமை பிழை. பின்னர் அறிவைத் தேரும் வினாக்கள் சில வேண்டும். கோடை நண்பகலில் தார்ச்சாலையில் நாயை நடத்தலாமா? ஆகாது, உள்ளடி வெந்துவிடும். சாக்கலேட்டு, வெங்காயம், கொடிமுந்திரி ஆகியவற்றுள் நாய்க்கு எது தரலாம்? ஒன்றும் தரலாகாது. நாய் கடித்துவிட்டால் முதலில் செய்வது யாது? காயத்தை வழலையிட்டு ஓடும் நீரில் 15 மணித்துளி கழுவி, காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் சென்று தடுப்பூசி பெறுதல். என் மாணவர் இவற்றிற்கெல்லாம் நொடியில் விடையிறுத்தார். ஆனால் அப்பக்கம் இவற்றுள் ஒன்றையேனும் கேட்கவில்லை! வாலைக் கேட்ட பக்கம் வாயில்லா உயிரின் நலத்தைக் கேட்க மறந்தது. இதைத் தமிழ்க்குறை என்று மட்டும் கருதற்க. அஃது உயிர்க்குறையும் ஆகும்.

ஐந்தாவது, சான்றுகள். தொழிற்பகுதியைக் கடந்த பின்னரே இவற்றைக் கேட்க. ஒவ்வொன்றும் எதற்கென்று ஒரு வரியில் விளக்குக. ஆதார் வேண்டுமெனின், இறுதி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைப்பிட்ட படியே போதும். வங்கிக் கணக்கு எண், முதல் வேலை கிடைத்த பின் கேட்கத்தக்கது; வாயிலிலேயே கேட்பின் ஏமாற்றோ என்று அஞ்சித் திரும்புவர். ஆறாவது, இசைவு, பத்து வரிக்கு மிகாத நல்ல தமிழில். இடையில் மின்வெட்டு நேரினும் எழுதியவை அழியாமல் இருத்தல் வேண்டும். இறுதியில் 'சமர்ப்பி' வேண்டா. 'அனுப்புக' என்றால் ஆறகவைச் சிறுவனும் அறிவான்.

இருமொழியில் அமைத்தால் செலவு மிகும் என்பர். ஒரு பக்கத்து வினாக்களைத் தமிழறிந்தார் ஒருவர் எழுதித் தர ஒரு பகல் போதும். தொழில் தெரிந்தவரை வாயிலில் இழப்பதனால் வரும் இழப்போ நாள்தோறும் தொடர்வது.

கணினி கற்ற மற்றொரு பழைய மாணவரிடம் இவ்வரிசையைச் சொன்னேன். "சொற்களை நீங்கள் எழுதித் தாருங்கள் ஐயா, பக்கத்தை நான் கட்டுகின்றேன்" என்றார். பெயருக்கு ஒரே பெட்டி. நாய்ப்பட்டியலில் சிப்பிப்பாறை முதலில் என்று எழுதிக் கொடுத்துள்ளேன். இவ்விதழைப் படிப்போருள் வலைத்தளம் கட்டுவோர் பலர் உளர் என்பதை அறிவேன். நீவிர் அமைக்கும் பக்கம் எதுவாயினும், நாய் காப்பாரைப் பதிவதாயினும் நாற்று நடுவாரைப் பதிவதாயினும், அதை வெளியிடுமுன் அத்தொழில் செய்யும் தமிழர் ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர் எந்தப் பெட்டியில் தயங்கி நிற்கின்றாரோ, அந்தப் பெட்டியை மாற்றுங்கள்.