கையேந்துதல் அன்று

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கல்வி பயிலும் நம் மாணவி ஒருத்தி, அண்டை வீட்டு மூதாட்டியாரைப் பற்றி எழுதியிருக்கிறாள். கணவரை இழந்த அவ்வம்மையார் சிறு ஓய்வூதியத்தில் வாழ்பவர். சென்ற குளிர்காலத்தில் அறைகளையெல்லாம் அடைத்துவிட்டு, சமையலறையில் எரிவாயு அடுப்பை எரியவிட்டு, அதனருகே நாற்காலியிலேயே உறங்கினாராம். "உதவி கேட்கலாமே" என்றதற்கு, "இந்த வயதிலா கையேந்துவது?" என்றாராம். "நான் என்ன செய்யலாம்?" என வினவுகிறாள் மாணவி.

மகளே, முதலில் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல். அடைத்த அறையில் எரியும் அடுப்பிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டாகலாம். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்ல வல்லது.

இனி, வீட்டைப் பார்ப்போம். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்ப முயல்வார் உண்டோ? சூடான காற்று மேலெழுந்து, கூரையடியில் உள்ள இடுக்குகளின் வழியே வெளியேறுகின்றது. அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்காற்று புகுகின்றது. ஆகவே நெருப்பைக் கூட்டுவதினும் இடுக்கை அடைப்பதே சிக்கனம்.

1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கர் இப்பாடத்தைக் கற்றனர். வசதி குறைந்தோரின் வீடுகளைச் செப்பனிட 1976இல் அந்நாட்டு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் யன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது போன்ற தற்காலிக வேலைகளே நடைபெற்றன. பின்னர் முறை திருந்தியது. வாசற் கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி உட்காற்றை வெளியே இழுப்பர்; அப்போது எந்த இடுக்கால் வெளிக்காற்று சீறி நுழைகின்றதோ அதனை அடைப்பர். கூரையடியில் வெப்பம் காக்கும் பொருளை நிரப்புவர். அப்பொருள் பெரும்பாலும் பழைய செய்தித்தாளை அரைத்து, தீப்பற்றாதிருக்க மருந்திட்டுச் செய்ததே!

வருமானம் அரசு வகுத்த வறுமைக் கோட்டின் இரு மடங்குக்கு மேற்படாதோர் இவ்வுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வாடகைக்கு இருப்போரும் வீட்டுச் சொந்தக்காரரின் இசைவுடன் கேட்கலாம். முதியோர், உடற்குறையுடையோர், குழந்தைகள் உள்ள குடும்பத்தினர் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. இது கடனன்று; திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. வெப்பமூட்டும் செலவுக்கு உதவ 1981இல் தொடங்கிய வேறொரு திட்டமும் உண்டு. 211 என்னும் தொலைபேசி எண்ணில் கேட்டால் அவ்வூரில் அணுக வேண்டிய நிலையத்தைச் சொல்வார்கள். வருமானச் சான்றும் எரிபொருட் கட்டணச் சீட்டும் ஆயத்தமாக இருக்கட்டும். காத்திருப்போர் பலராதலால் பனி விழும்வரை தாமதியாதே. முறை வரும்வரை கதவடியில் சுருட்டிய துணியும் யன்னலில் பிளாஸ்டிக் தாளும் ஓரளவு காக்கும்.

எல்லாவற்றினும் கடினமானது அம்மையாரின் மனத்தைத் திருப்புவதே. அவருக்கு நம்மூர்க் கதையொன்று சொல். யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்குமுன் ஓலை வீட்டுக்குக் கூரை வேய அயலவர் கூடுவார்கள். இன்று என் வீடு, நாளை உன் வீடு. அதனை எவரும் பிச்சை என்றதில்லை. அங்கே அவ்வயலவரின் வேலையைச் சட்டம் செய்கின்றது. அதற்கான பணமோ, அம்மையாரும் வாழ்நாளெல்லாம் வரியாய்ச் செலுத்தி வந்தது. இதைச் சொல்லிவிட்டு வாளாவிராதே, மகளே. விண்ணப்பம் எழுதும் நாளில் அவருடன் கூடவே போ.