கடிகாரம் எண்ணும் காலடிகள்

மட்டாஞ்சேரியில் எங்கள் கிளைக்கு நெடுங்காலமாக வரும் மிளகு வியாபாரி ஒருவர் இருக்கிறார். கணக்கிலுள்ள இருப்பைத் தம் மகனிடமும் சொல்லாதவர். அண்மையில் ஒரு நாள் கைபேசியை எங்கள் மேசைமீது வைத்து, "சார், இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, கடன் பத்திரம் மாதிரி நீளமா இருக்கு" என்றார். மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரத்துக்குரிய செயலியின் ஆங்கில ஒப்புதல் வாசகம் அது. உறக்கம், நாடித்துடிப்பு, எடை, நடந்த பாதை என அனைத்தையும் 'கூட்டாளி நிறுவனங்களுடன்' பகிர அவர் ஏற்கெனவே இசைந்திருந்தார். அக்கூட்டாளிகள் யார் என்பது அதில் இல்லை.

வாடிக்கையாளரின் விவகாரங்களை வெளியிடலாகாது என்று தேசியமயமான வங்கிகளை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பணியேற்கும்போது நாங்கள் கையொப்பமிடும் இரகசியக் காப்பு உறுதிமொழி அதன்வழி வந்ததே. உடலைப் பற்றிய செய்திக்கும் அதே காவல் வேண்டும் என்பது எங்கள் கருத்து. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 2011இல் வந்த விதிகள் வங்கிக் கணக்கு விவரத்தையும் உடல், மன நல விவரத்தையும் ஒரே பட்டியலில் வைத்துக் கூடுதல் காவல் அளித்தன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படித் தனியே பிரிக்கவில்லை. இதைக் குறை என்றே கருதுகிறோம்.

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் எர்ணாகுளத்தில் கேரள உயர்நீதிமன்றம். 2020இல், கோவிட் தொடர்பான தகவல்களைத் தொகுத்து ஆராய ஸ்பிரிங்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தை மாநில அரசு அமர்த்தியபோது வழக்கு இங்கேதான் வந்தது. ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. மக்களின் அடையாளத்தை நீக்கிய பின்னரே தகவலை நிறுவனத்துக்குக் காட்டலாம். இனித் தகவல் தருவோரிடம் பிறர் அதைக் காணக்கூடும் என்பதைச் சொல்லி இசைவு பெற வேண்டும். நிறுவனம் அதை வணிக ஆதாயத்துக்குப் பயன்படுத்தலாகாது. நோய்த்தொற்று அடங்கியபின் தகவல் தொற்று தலைதூக்கிவிடக் கூடாது என்பதே நீதிமன்றத்தின் கவலை. கொள்ளைநோயின் அவசரத்திலேயே இவ்வளவு கேட்க முடிந்ததென்றால், காலடிகளை எண்ணும் ஒரு செயலியிடம் கேட்பதற்கு நமக்குத் தயக்கம் ஏன்?

எங்கள் துறையையும் சேர்த்தே பேச வேண்டும். நாள்தோறும் நடப்பவருக்குக் காப்பீட்டுப் பிரீமியத்தில் சலுகை தரும் திட்டங்கள் வந்துவிட்டன. சலுகையாக வருவது பின்னர் அபராதமாக மாறாது என்பதற்கு என்ன உறுதி? முழங்கால் அறுவைக்குப் பின் படுத்திருப்பவரின் காலடிக் கணக்கும் சோம்பி இருப்பவரின் கணக்கும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மேசைக்கு அத்தகைய எண் ஒருபோதும் வரக்கூடாது. வந்தால் பார்க்கும் ஆவல் எங்களுக்கும் எழும்.

புதிய சட்டத்தில் இரண்டு நல்ல ஏற்பாடுகள் உள்ளன. ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ கேட்டுப் பெறலாம். கொடுத்த இசைவைக் கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். இச்சட்டத்தை மீறுவோருக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள் இக்கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்துள்ளன. தரவு திரட்டுவோர் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

வியாபாரியின் கைபேசியில் இருப்பிட அனுமதியையும் பகிர்வு அனுமதியையும் அன்றே நிறுத்தினோம். "அப்போ ஏற்கெனவே போனது?" என்று கேட்டார். அதை அழித்துவிடுமாறு அந்நிறுவனத்துக்கு இரண்டு வரிக் கடிதம் எழுத உதவினோம். பதில் இன்னும் வரவில்லை.