கூலிக்காரன் கைரேகைக்கு முடிச்சு! கம்பெனிக் கணக்குக்கு மூன்று பூட்டு!

ஏரலில் வாழைத்தார் சுமக்கும் கூலிக்காரனைச் சர்க்கார் எவ்வளவு நுணுக்கமாக அறிந்து வைத்திருக்கிறது, பாருங்கள்! ரேஷன் கார்டு, பாங்குக் கணக்கு, கைரேகை எல்லாவற்றையும் ஆதார் எண்ணோடு முடிச்சுப் போட்டாயிற்று. 2024 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலைக் கூலியையும் அதே முடிச்சில் தொங்கவிட்டார்கள்.

கம்பெனிகள் விஷயம் என்ன? ஆராய்ச்சிக்கு இவ்வளவு செலவிட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுப்பது விஞ்ஞானத் துறையின் சர்வேயில் கிடக்கிறது. வரிச்சலுகைக் கணக்கு வருமானவரி இலாகாவில். எத்தனை தொழிலாளர், என்ன சம்பளம் என்பது வருடாந்தரத் தொழிற்சாலை சர்வேயில். மூன்று அலமாரி, மூன்று பூட்டு.

சலுகை ஒன்றும் சில்லறையல்ல. 2010 முதல் 2017 வரை, ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் செலவிட்ட கம்பெனி லாபத்தில் 200 ரூபாயைக் கழித்துக் கொள்ளலாம். 30 சத வரியில் 60 ரூபாய் மிச்சம்! மற்றச் செலவானால் 30தான். இந்தக் கூடுதல் 30 ரூபாய் யார் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்கிறோமே, நம் பணம்தான். 2017இல் சலுகையைக் குறைத்து, 2020இல் நிறுத்தினார்கள்.

பலன்? 2020-21இல் தேசத்தின் ஆராய்ச்சிச் செலவு மொத்த உற்பத்தியில் 0.64 சதம். அதில் தனியார் தொழில்களின் பங்கு 36.4 சதம். தென்கொரியா 4 சதத்துக்கு மேல் செலவிடுகிறது. அதில் பெரும்பகுதி கம்பெனிகளுடையது.

நாம் இயந்திரத்தின் விரோதிகளல்ல. நம் பணத்தில் பிறந்த இயந்திரம் ஆலைக்குள் வந்தபோது எத்தனை பேர் வெளியே போனார்கள், மிஞ்சியவர் கூலி ஏறியதா என்றுதான் கேட்கிறோம். மூன்று ஏடுகளையும் பொருத்தினாலன்றி இதற்குப் பதில் கிடையாது.

"தொழில் ரகசியம்!" என்று கூவுவார்கள். 2008ஆம் வருஷத்துப் புள்ளிவிவரச் சட்டத்தைக் காட்டுவார்கள். எவனுடைய பார்முலாவும் நமக்கு வேண்டாம். பெயரை மறைத்து, தொழில்வாரியாகக் கூட்டி வெளியிடட்டும். முதலாளித்துவத்தின் தலைவாசலான அமெரிக்காவிலேயே கணக்கெடுப்புத் துறை ஆராய்ச்சி சர்வேயைக் கம்பெனிகளின் வேலை, சம்பளப் பதிவுகளோடு இணைக்கிறது. ரகசியம் காக்க உறுதிமொழி கொடுத்த ஆய்வாளர் அதைப் படிக்கிறார்கள். அங்கே எந்த முதலாளியும் திவாலாகிவிடவில்லை!

2025 ஜூலை 1இல் மத்திய மந்திரிசபை தனியார் ஆராய்ச்சிக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தது. குறைந்த வட்டி, அல்லது வட்டியே இல்லாத நீண்டகாலக் கடன். ஏரல் விவசாயிக்குப் பயிர்க்கடன் வேண்டுமானால் பட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் கொண்டு வரச் சொல்கிறார்கள். இந்தக் கடன் பத்திரத்திலும் ஒரு வரி சேர்க்கட்டும்: பணம் வாங்கும் கம்பெனியின் ஆராய்ச்சி, வரி, வேலைக் கணக்குகள் மூன்றும் இணைக்கப்படும், அதன் முடிவு வருஷாவருஷம் பார்லிமெண்டில் வைக்கப்படும்.