ஒலிக்க வேண்டியவை கண்ணாடிப் பெட்டிக்குள்ளா?

1840-இல் இறந்த வயலின் மேதை பகானினி, குவார்னெரி 1743-இல் செய்த தம் 'கனோனே' வயலினைப் பிறந்த ஊரான ஜெனோவாவுக்கே எழுதிவைத்தார். அவர் காலமெல்லாம் அழுத்தி வாசித்த இடத்தில் வார்னிஷ் தேய்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். நகராட்சி அதைப் பூட்டிவைத்ததோடு நிற்கவில்லை. பகானினி பெயரிலான போட்டியில் வெல்லும் இளைஞர்கள் அதை வாசிக்கிறார்கள். செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு பிரே 1987-இல் மறைந்த பின், அவருடைய 'டவிடோவ்' செல்லோ சக கலைஞர் யோ-யோ மாவின் கைகளில் தொடர்ந்து ஒலிக்கிறது. மேதைகளின் வாத்தியங்களுக்கு இதுவே தகுந்த கதி. வாசித்தால் தேயுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் சும்மா கிடந்தாலும் வாத்தியம் கெடும்: வீணையில் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு காய்ந்து வெடிக்கும், மிருதங்கத்தின் தோல் இறுகும். தேர்ந்த கைவினைஞரின் மேற்பார்வையில் அளவோடு வாசிப்பதே நல்ல பராமரிப்பு.

மேதை விட்டுச்சென்ற வாத்தியம் குடும்பச் சொத்து, அதில் ஊர் தலையிடலாமா என்ற கேள்வியும் நியாயமானது. பறிக்கச் சொல்லவில்லை, உரிமை குடும்பத்திடமே இருக்கட்டும், காப்பும் செலவும் அரசினுடையதாகட்டும். குடும்பத்தின் தலையில் மட்டும் அந்தப் பாரத்தைச் சுமத்தினால் என்ன நேரும் என்பதை வாரணாசி காட்டியது. 2006-இல் மறைந்த ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானின் வெள்ளி ஷெனாய்கள் 2016-இல் மகன் வீட்டிலிருந்து திருடுபோயின. மறு மாதம் போலீசார் மீட்டது உருக்கிய வெள்ளியைத்தான்.