லினக்சுக்கு ஏன் இத்தனை முகங்கள்?

விண்டோஸ் உள்ள கணிப்பொறியைத் திறந்தால் ஒரே முகப்புத் திரைதான். லினக்ஸ் அப்படியில்லை. கே.டி.இ., க்னோம், எக்ஸ்.எஃப்.சி.இ., சினமன், மேட் என்று விரும்பியதை முகப்பாக வைத்துக் கொள்ளலாம். எல்லாமே இலவசம், எவரும் உள்ளே புகுந்து திருத்தலாம். "இத்தனை எதற்கு? எல்லோரும் சேர்ந்து ஒன்றையே உருப்படியாகச் செய்யக் கூடாதா?" என்று அன்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிரிவு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மானிய மாணவர் கே.டி.இ.யைத் தொடங்கினார். அதற்கு அடித்தளம் நார்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் 'க்யூட்' மென்பொருள். அதன் உரிமம் அப்போது முழுச் சுதந்திரம் தருவதாக இல்லை. அதை ஏற்காத மெக்சிகோக்காரர்கள் மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோமை ஆரம்பித்தார்கள். ஆக, சண்டை கொள்கை பற்றியது, நாற்காலி பற்றியதல்ல. (சங்கங்கள் உடையும் விதம் தெரிந்த நமக்கு இந்த வேறுபாடு புரியும்.) 2000-இல் க்யூட் மென்பொருளும் ஜி.பி.எல். என்ற சுதந்திர உரிமத்தில் வெளிவந்தது. எதிரே க்னோம் நின்றிராவிட்டால் அது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

காரணம் தீர்ந்த பிறகும் இரு வீடும் ஒன்றாகவில்லை. ஆக வேண்டியதும் இல்லை. அதே 2000-இல் ஹேவக் பென்னிங்டன் என்பவர் 'ஃப்ரீடெஸ்க்டாப்' என்ற பொது மேடையை அமைத்தார். ஒரு முகப்புக்கென்று எழுதிய மென்பொருள் மற்றதிலும் ஒழுங்காக இயங்குவதற்கான விதிகள் அங்கே உருவாயின. 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் கே.டி.இ. தான் உருவாக்கிய செய்தித் தொடர்பு முறையையே விட்டுவிட்டு, பொதுவான 'டி-பஸ்' முறைக்கு மாறிக் கொண்டது. சொந்தக் கைவேலையை விட்டுக்கொடுக்க மனம் வேண்டும். 2009-இல் கேனரித் தீவில் இரு தரப்பாரும் ஆண்டு மாநாட்டை ஒரே இடத்தில் கூட்டினார்கள்.

பிற்பாடு வந்த பிரிவுகள் வேறு ரகம். 2011-இல் க்னோம் தன் மூன்றாம் பதிப்பில் பழகிய தோற்றத்தை அடியோடு மாற்றியது. பிடிக்காதவர்கள் மேட், சினமன் என்று பிரிந்தார்கள். பிரிந்தவர்களைவிட, பயன்படுத்துவோரின் முணுமுணுப்பைக் கேளாமல் மாற்றியவர்கள் மீதே எனக்குக் குறை. உபுண்டுவோ 'ஒற்றுமை' என்று பொருள்படும் யூனிட்டி என்ற பெயரிலேயே தனிக்குடித்தனம் போனது! 2017-இல் அதைக் கைவிட்டு க்னோமுக்கே திரும்பியது.

நமக்கு இதில் என்ன? 'கொ' என்ற எழுத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கணிப்பொறியின் நினைவகத்தில் முதலில் ககரம், அதன் பின்னே உயிர்க்குறி. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த அடுக்கும் வேலையை க்னோம் பக்கம் 'பாங்கோ'வும் கே.டி.இ. பக்கம் க்யூட்டும் முன்பு தனித்தனியே செய்தன. ஒன்றில் பிழை திருத்தினால் மற்றதிலும் போய்த் திருத்த வேண்டும். இன்று இரண்டும் 'ஹார்ஃப்பஸ்' என்ற பொது மென்பொருளையே நம்புகின்றன. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டும் அப்படியே. (பாரசீகப் பெயர். 'ஹர்ஃப்' என்றால் எழுத்து என்று டில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) உங்கள் பேத்தி கைப்பேசியில் தமிழ் படிக்க முடிவது இந்தக் கூட்டு வேலையால்தான்.

ஆனால் ஓரிடத்தில் பிரிவு நம்மை நிச்சயமாக வாட்டுகிறது: மொழிபெயர்ப்பு. மெனுவில் வரும் ஆயிரக்கணக்கான சொற்களை ஒவ்வொரு முகப்புக்கும் தொண்டர்கள் தனித்தனியே தமிழாக்க வேண்டும். ஜெர்மன்காரர்களுக்கு ஆள் பலம் உண்டு; நமக்கு விரல் விட்டு எண்ணும்படிதான். 'சேமி' என்பதா, 'பதிவு செய்' என்பதா என்று ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து யோசிப்பானேன்? முகப்பு எத்தனை இருந்தாலும் சொற்பட்டியல் ஒன்றாக இருக்கட்டும். வெளிமாநிலப் பள்ளியில் தமிழ்ப் பாடமே கிடைக்காத பிள்ளைக்குக் கணிப்பொறித் திரையாவது தமிழில் தெரியுமே.

இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நல்ல தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் போதும். நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரியில் கணிப்பொறி படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஞாயிறு மாலையில் இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தால், அந்தப் பட்டியலை நாமே தொடங்கி விடலாம்.