கட்டாயம் நீங்கியது, பொறுப்பு கூடியது

ஒருவர் மறைந்தபின் அவர் குடும்பத்தார் வங்கிக் கிளைக்கு வரும்போது, நாமினி, வாரிசு, உயில் என்னும் மூன்று சொற்களும் அவர்கள் மனத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவரே பணத்துக்கு உடையவர் என்று ஒரு சாரார் எண்ணுகின்றனர். உயில் இருந்தால் நீதிமன்றப் படியேறாமல் ஒரு காசும் கிடைக்காது என்று மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இரண்டும் சரியன்று. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இத்துறையில் அடுத்தடுத்து மாற்றங்கள் வந்துள்ளன. அவற்றின் பொருளைத் தெளிவாக எடுத்துரைப்பது எங்கள் கடமை.

முதலில் புரொபேட் எனப்படும் மெய்ப்பிதழ் பற்றிப் பார்ப்போம். இறந்தவர் எழுதிய உயில் உண்மையானதே என்று நீதிமன்றம் ஆராய்ந்து, தன் முத்திரையோடு வழங்கும் சான்று அது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில் நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டவருக்கே அது வழங்கப்படும். அப்படி எவரும் குறிக்கப்படாவிட்டால், உயிலோடு இணைந்த நிர்வாக உரிமைப் பத்திரத்தை நீதிமன்றத்திடம் கோரவேண்டும். உயிலின் அசல், இறப்புச் சான்றிதழ், சொத்துப் பட்டியல் ஆகியவற்றோடு மனு தாக்கல் செய்யப்படும். வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்பப்படும். எவரேனும் ஆட்சேபித்தால் மனு வழக்காக மாறும். அப்போதுதான் ஆண்டுகள் நீளும். ஒன்றை இங்கே மறக்கலாகாது. உயில் மெய்யானதா என்பதை மட்டுமே மெய்ப்பிதழ் தீர்மானிக்கிறது. அதில் எழுதப்பட்ட சொத்து இறந்தவருக்கு உரியதுதானா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய பழைய மாகாணத் தலைநகரங்களில் எழுதப்பட்ட, அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைக் குறித்த இந்துக்களின் உயில்களுக்கு இச்சான்று நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. கோயம்புத்தூரில் எழுதி, அங்குள்ள வீட்டையே குறித்த உயிலுக்கு இல்லாத கட்டாயம், சென்னை வீட்டுக்கு மட்டும் இருந்தது. ஆங்கிலேயர் காலத்து எல்லைக்கோடுகளை ஒட்டி நின்ற இந்த வேறுபாட்டுக்கு அடிப்படையான 213ஆம் பிரிவை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. இதை நாங்கள் வரவேற்கிறோம்.

ஆனால் கட்டாயம் நீங்கியதை மெய்ப்பிதழே நீங்கியதாகச் சிலர் பொருள்கொள்வது கவலை தருகிறது. விரும்புவோர் இன்றும் அதைப் பெறலாம். உடன்பிறந்தாரிடையே மனக்கசப்பு இருக்குமிடத்திலும், உயிலின் கையொப்பத்தை எவரேனும் ஐயுறுமிடத்திலும், பெருமதிப்புள்ள சொத்துக் கைமாறுமிடத்திலும் அதைப் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை. இதுவரை அந்நகரங்களில் ஒவ்வோர் உயிலும் நீதிமன்றத்தின் முன் ஒருமுறை நின்றாகவேண்டியிருந்தது. இனி அந்தச் சோதனை இல்லாமலே பல உயில்கள் நேரே வங்கிக்கும் பதிவகத்துக்கும் வரும். ஆகவே, உயிலைப் பிழையற எழுதும் பொறுப்பு எழுதுபவரிடமும், அதைக் கவனமாகவும் பரிவோடும் அணுகும் பொறுப்பு வங்கியிடமும் கூடியிருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

உயிலின் இடத்தை நாமினி நியமனம் நிரப்பிவிடும் என்னும் நம்பிக்கைதான் குடும்பங்களுக்கு மிகுந்த இன்னலைத் தருகிறது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அவரிடம் கொடுத்ததும் வங்கியின் கடன் தீர்கிறது. வாரிசுகளின் உரிமை தீர்வதில்லை. காப்பீட்டுத் தொகை குறித்து 1984ஆம் ஆண்டிலும், வங்கி வைப்பு குறித்து 2010ஆம் ஆண்டிலும், பங்குகள் குறித்து 2023ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் இதே நிலைப்பாட்டை உறுதிசெய்துள்ளது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இந்துக் குடும்பத் தலைவர் ஒருவர் தாம் ஈட்டிய 12 லட்ச ரூபாயை வைப்பில் விட்டு, உயில் எழுதாமல் மறைகிறார். நாமினி அவருடைய மகன். மனைவியும் இரண்டு மகள்களும் வயது முதிர்ந்த தாயும் உள்ளனர். வங்கி 12 லட்சத்தையும் மகனிடம் கொடுக்கும். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அத்தொகை ஐவருக்கும் சமமாக, ஆளுக்கு 2,40,000 ரூபாய் என உரியது. இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் நினைவில் கொள்வதில்லை. மகன் பகிர்ந்தளித்தால் நன்று. இல்லையேல், மூதாட்டியும் மகள்களும் வழக்கு மன்றத்தை நாடவேண்டும். தாய்க்கும் மகள்களுக்கும் இன்னது சேரவேண்டும் என்று தெளிவாக எழுதிய ஓர் உயில் இருந்திருந்தால், இத்துன்பம் பெருமளவு குறைந்திருக்கும்.

நியமனம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு என்று பிரித்தும் எழுதலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசைப்படுத்தியும் எழுதலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வரிசைமுறை மட்டுமே பொருந்தும். உயிலில் பங்கு பெறுவோரையே நாமினிகளாகவும் எழுதிவிட்டால், பணம் விரைவாகவும் உரியவரிடமும் சென்று சேரும். நியமனமும் உயிலும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கவேண்டியவை.

வங்கிகளுக்கும் நாங்கள் சொல்லவேண்டியது உண்டு. இறந்த வாடிக்கையாளரின் கணக்குகளைத் தீர்ப்பது குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் ஆணைகளை வெளியிட்டது. நாமினி இருக்கும் கணக்குகளில், தொகை எவ்வளவாயினும், மெய்ப்பிதழோ வாரிசுரிமைச் சான்றிதழோ கேட்கக் கூடாது. நாமினி இல்லாவிடினும், பூசல் இல்லாத நிலையில் வணிக வங்கிகள் 15 லட்ச ரூபாய் வரை எளிய நடைமுறையைக் கைக்கொள்ளவேண்டும். ஆவணங்கள் முழுமையாக வந்துசேர்ந்த 15 நாட்களுக்குள் தொகையைத் தரவேண்டும். தங்கள் பக்கத்தில் தாமதம் நேர்ந்தால், வைப்புத் தொகைக்கு வங்கி விகிதத்தோடு ஆண்டுக்கு 4 விழுக்காடு சேர்த்து வட்டியும், பெட்டகமாயின் நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் ஈடாகத் தரவேண்டும்.

ஆணை தெளிவாக இருந்தும், 'எதற்கும் நீதிமன்றச் சான்று ஒன்று கொண்டுவாருங்கள்' என்று சொல்லித் துயருற்றவரைத் திருப்பியனுப்பும் பழக்கம் எந்தக் கிளையிலும் இருத்தல் ஆகாது. அது எச்சரிக்கை போலத் தோன்றலாம். உண்மையில் அது தன் பொறுப்பைப் பிறர் தோளில் ஏற்றுவதேயாகும். எந்தெந்த ஆவணங்கள் வேண்டும் என்பதை முதல் நாளிலேயே முழுமையாக எழுதித் தரும்படி கிளையில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வாடிக்கையாளர்கள் செய்யவேண்டியது பெரிதன்று. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை; பதிவும் கட்டாயம் இல்லை; எனினும், பதிவு செய்த உயிலை மறைப்பதும் மறுப்பதும் எளிதன்று. இரண்டு சாட்சிகள் கையொப்பமிடவேண்டும். பிற்காலத்தில் அவர்களுள் ஒருவரையேனும் நீதிமன்றம் விசாரிக்க நேரலாம்; எனவே உங்களைவிட இளையவராகவும், உயிலால் பயன் பெறாதவராகவும் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். நிறைவேற்றுநர் ஒருவரைத் தவறாமல் குறியுங்கள். அதற்கு முன் அவர் சம்மதத்தையும் பெறுங்கள். எந்த வங்கியில், எந்தக் கிளையில், எவ்வகைக் கணக்கு என்பதைத் தனித்தாளில் எழுதி, உயில் இருக்கும் இடத்தையும் அவரிடம் சொல்லிவையுங்கள். பத்தாண்டுகள் எவரும் கோராத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குச் சென்றுவிடுகின்றன. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அவ்வாறு மாற்றிய தொகை சுமார் 35,000 கோடி ரூபாய். மாற்றிய பின்னும் உரியவர் கேட்டுப் பெறலாம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தேட உத்கம் என்னும் இணையதளமும் உண்டு. ஆனால் அப்படியொரு கணக்கு இருந்ததே தெரியாத வாரிசு எதைத் தேடுவார்?

உயில் எழுதுவதை அமங்கலமாகக் கருதித் தள்ளிப்போடுவது நம்மிடையே உள்ள வழக்கம். பெண்ணின் திருமணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஆண்டுக் கணக்கில் திட்டமிடும் நாம், நமக்குப் பின் அவர்கள் கிளைக்கும் நீதிமன்றத்துக்குமாக அலையாதிருக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாகாதா? அடுத்த முறை கிளைக்கு வரும்போது உங்கள் கணக்கில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கினால் போதும்.